கல்லும் காடும் நடைவழியும்: திருமயம் வட்டார நிலக்காட்சி குறித்த ஒரு வரலாற்று வாசிப்பு

ஆய்வுச்சுருக்கம்

புதுக்கோட்டை மாவட்டத் திருமயம் தன் குடைவரைக் கோயில்களாலும் கோட்டையாலும் பெரிதும் அறியப்பட்ட ஊர். இச்சின்னங்களைச் சூழ்ந்துள்ள மொட்டைப் பாறைகளும் முட்புதர்க் காடும் வரலாற்று நூல்களில் வெறும் பின்புலமாகவே இடம்பெறுகின்றன. அக்காடும் பாறையும் நீர்நிலைகளும் நடைவழிகளும் சேர்ந்த நிலப்பரப்பே ஒரு வரலாற்றுச் சான்று என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. இலக்கிய வழிக்குறிப்பு, கல்வெட்டு மற்றும் செப்பேட்டு எல்லை மரபு, 18ஆம் நூற்றாண்டுப் போர்ச் செய்திகள், நிலவியல், தாவரவியல் செய்திகள் ஆகியன ஆதாரங்களாகக் கொள்ளப்படுகின்றன. சின்னங்களைத் தனித்தனிப் புள்ளிகளாகக் காக்கும் இன்றைய பாதுகாப்பு முறையில் அவற்றை இணைத்த நிலமும் வழியும் விடுபட்டுப் போவதும் சுட்டிக்காட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: திருமயம், கானாடு, முட்புதர்க் காடு, சுனை, பெருவழி, கோயில் காடு, நிலக்காட்சிப் பாதுகாப்பு.

முன்னுரை

புதுக்கோட்டையிலிருந்து தெற்கே சுமார் 20 கி.மீ. தொலைவில் சமவெளியின் நடுவே எழுந்து நிற்கும் ஒற்றைப் பாறைக்குன்று திருமயம். குன்றின் தென்சரிவில் சிவனுக்கும் திருமாலுக்கும் உரிய குடைவரைகள் அருகருகே அமைந்துள்ளன. குன்றைச் சுற்றிக் கோட்டை மதில் வளைந்து செல்கிறது. திருமெய்யம் என்ற பழம்பெயரே மருவித் திருமயம் ஆயிற்று. சத்தியகிரி என்பது அதன் வடமொழி வடிவம். வைணவர் போற்றும் 108 திருப்பதிகளுள் இதுவும் ஒன்று.

இவ்வூரைக் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் குடைவரைகளின் காலம், சிற்ப அமைதி, கல்வெட்டுப் பாடம், கோட்டையின் அரசியல் ஆகிய நான்கு பொருள்களில் நிலைகொள்கின்றன. இவை இன்றியமையாதவை. எனினும் ஒரு வினா எஞ்சுகிறது. இக்குன்றிலிருந்து அடுத்த குன்றுக்கும், உள்நாட்டிலிருந்து கடற்கரைக்கும் மக்கள் எவ்வழியே நடந்தனர்? இடையிலிருந்த காடு அவர்களுக்கு என்னவாக இருந்தது? இவ்வினாவைப் பின்தொடரும்போது, வெற்று நிலம் என்று கருதப்பட்ட இடைவெளி வரலாற்றின் பகுதியாக மாறுகிறது.

நில அமைப்பும் காட்டின் இயல்பும்

திருமயம் வட்டாரம் தொன்மையான கருங்கல் பாறைகளின் மேல் அமைந்தது. வெயிலும் மழையும் பல்லாயிரம் ஆண்டுகள் அரித்ததால் பாறைகளின் மேற்பகுதி தகடு தகடாக உரிந்து, வழுவழுப்பான மொட்டைக் குன்றுகள் உருவாயின. பாறைப் பிளவுகளிலும் பள்ளங்களிலும் மழைநீர் தேங்கிச் சுனைகள் ஆயின. குன்றின் அடிவாரத்தில் வழிந்த நீரைத் தடுத்துக் கண்மாய்களும் ஊருணிகளும் வெட்டப்பட்டன. பாறையின் மேல் சுனை, சரிவில் புதர், அடியில் கண்மாய் என்ற இவ்வடுக்கு இவ்வட்டாரத்தில் திரும்பத் திரும்பக் காணப்படுகிறது.

மழை பெரும்பாலும் வடகிழக்குப் பருவக்காற்றால், ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கடல் பக்கத்திலிருந்து வருகிறது. இதனால் இங்குள்ள காட்டின் இயல்பும் கடற்கரையோடு தொடர்புடையதாகிறது. சோழமண்டலக் கடற்கரையை ஒட்டி அமைந்த வறண்ட பசுமைமாறாக் காடு உள்நாட்டில் புதுக்கோட்டைப் பகுதி வரை திட்டுத் திட்டாகப் பரவியுள்ளது. உலக்கைப்பாலை, வீரை, காசா, நாவல் ஆகியன இதன் மரங்கள். நிலம் வறண்டு பாறை மிகும் இடங்களில் காரை, களா, சூரை, உசிலை, வேல், கள்ளி, விராலி, ஆவாரை ஆகிய முட்புதர் மற்றும் குறுமரத் தொகுதி இடம்பெறுகிறது. இலைகள் சிறுத்தும் தடித்தும், கிளைகள் பின்னியும் அமைவதால் உயரம் குறைந்த இக்காடு ஆள் நுழைய முடியாத அடர்த்தி கொண்டது. ஓங்கிய மரங்கள் இன்மையால் இதனைத் தரிசு என்று கருதுவது பிற்கால வருவாய்த்துறைப் பார்வையின் விளைவே அன்றி, நிலத்தின் இயல்பு அன்று.

இவ்வட்டாரத்தின் பழைய நாட்டுப் பிரிவுப் பெயரும் இங்குக் கருதத்தக்கது. தென்வெள்ளாற்றின் வடகரை கோனாடு என்றும் தென்கரை கானாடு என்றும் வழங்கப்பட்டன. வெள்ளாறு சோழ, பாண்டிய நாடுகளின் மரபார்ந்த எல்லையாகவும் கொள்ளப்பட்டது. தென்கரையிலுள்ள திருமயம் கானாட்டைச் சேர்ந்தது. கானம் என்னும் சொல் காட்டைக் குறிப்பதால், கானாடு என்பதைக் காட்டு நாடு எனக் கொள்வது பொருத்தமாகவே தோன்றுகிறது.

இலக்கியத்தில் வழி

இந்நிலப்பரப்பை நடந்து கடப்பது பற்றிய பழமையான விரிவான குறிப்பு சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் உள்ளது. உறையூரிலிருந்து மதுரை செல்லும் கோவலனுக்கு மாங்காட்டு மறையோன் வழி கூறுகிறான். கொடும்பை நெடுங்குளத்தைக் கடந்தபின் வழி மூன்றாகப் பிரியும் என்பது அவன் தரும் செய்தி. கொடும்பை என்பது இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்தின் வடமேற்கிலுள்ள கொடும்பாளூர். வலப்பக்க வழி சிறுமலையை நோக்கியும், இடப்பக்க வழி திருமால்குன்றம் எனப்படும் அழகர்மலையை நோக்கியும் செல்கின்றன. இடைப்பட்ட வழி காட்டுத் தெய்வத்தால் இடர் நேரக்கூடியது.

மறையோன் கூற்றில் வழியை அடையாளப்படுத்துபவை எவை என்பது கவனிக்கத்தக்கது. வழிநெடுக நிற்கும் மரங்கள், விளைபயிர்கள், குளம், மலை, பொய்கை, தெய்வம் ஆகியவையே அவை. தொலைவை அவன் எண்ணால் அளக்கவில்லை. நிலத்தின் முகத்தால் அளக்கிறான். மலைகளுக்கு இடையிலான காடு, பெயரும் குறியும் உடைய நிலமாக அங்குத் தோன்றுகிறது. நடப்பவன் அறிய வேண்டிய அறிவு அது. அவ்வறிவை ஒருவர் மற்றவருக்குச் சொல்லிக் கொடுக்கும் மரபும் அக்காதையில் பதிவாகியுள்ளது.

கல்வெட்டுகளும் நடந்து வரைந்த எல்லையும்

இலக்கியம் காட்டும் இந்நில அறிவு ஆவண மரபிலும் தொடர்ந்தது. இடைக்காலக் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் நிலக்கொடையை வரையறுக்கும்போது நான்கெல்லைகளைக் கூறுகின்றன. வழி, வாய்க்கால், குளக்கரை, பாறை, புற்று, தனிமரம் ஆகியன எல்லைக் குறிகளாகின்றன. ஆனைமங்கலம் செப்பேடு போன்றவற்றில் காணப்படும் பிடி சூழ்தல் என்னும் சடங்கு இதில் குறிப்பிடத்தக்கது. பெண் யானையை முன்னே நடத்தி, ஊரார் பின்தொடர்ந்து, எல்லையைச் சுற்றி வந்த பிறகே கொடை உறுதிப்பட்டது. நடத்தல் அங்கு ஒரு சட்டச் செயலாக விளங்கியது.

திருமயத்தில் இந்த எல்லைச் சிக்கல் பாறையின் மேலேயே எழுந்தது. இங்குள்ள திருமால் குடைவரை முத்தரையர் காலத்தில் புதுப்பிக்கப்பட்டதை, சாத்தன் மாறனின் தாய் பெரும்பிடுகு பெருந்தேவி அளித்த கொடை பற்றிய கல்வெட்டால் அறிகிறோம். ஒரே பாறையில் ஒட்டியமைந்த சைவ, வைணவக் கோயில்களுக்கிடையே பின்னர் நிலமும் வருவாயும் பற்றிய வழக்கு மூண்டது. பாண்டிய நாட்டில் ஹொய்சளர் செல்வாக்குப் பெற்றிருந்த 1245ஆம் ஆண்டில், அவர்தம் தளபதி அப்பண்ண தண்டநாயகர் முன்னிலையில் அது தீர்க்கப்பட்டது. வருவாயை ஐந்து பங்காக்கி மூன்று பங்கு திருமாலுக்கும் இரண்டு பங்கு சிவனுக்கும் உரியதாக்கியது அத்தீர்ப்பு. இரு கோயில்களுக்கும் இடையே மதில் எழுப்பவும் வகை செய்யப்பட்டது. பொதுவாகப் பயன்பட்ட ஒரு பாறை பங்கிடப்பட்ட நிகழ்வு இது. கோயில் வரலாறாக மட்டும் படிக்கப்படும் இக்கல்வெட்டு, பாறையும் அதனைச் சூழ்ந்த நிலமும் எவ்வளவு மதிப்புடைய வளங்களாக இருந்தன என்பதையும் உணர்த்துகிறது.

மற்றொரு சான்று இசை தொடர்பானது. குடுமியான்மலையின் புகழ்பெற்ற இசைக் கல்வெட்டோடு தொடர்புடைய எழுத்துப் பொறிப்புகள் திருமயத்திலும் மலையக்கோயிலிலும் உள்ளன. பரிவாதினி என்னும் யாழ்/வீணை வகைப் பெயர் இவ்விரு இடங்களிலும் காணப்படுகிறது. மூன்றும் பாறைக்குன்றுகள், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஓரிரு நாளில் நடந்து சென்றுவிடலாம். ஒரே கலை மரபு மூன்று குன்றுகளில் பதிவாகியிருப்பது, அக்குன்றுகளைத் தனித்தனிச் சின்னங்களாக மட்டும் கொள்ள இயலாது என்பதைக் காட்டுகிறது. அவற்றுக்கிடையே நடந்தவர்கள் இருந்தனர். ஆகவே வழிகளும் இருந்தன.

வணிக வழிகளும் இதே நிலப்பரப்பில் சென்றன. நார்த்தாமலை இடைக்காலத்தில் வணிகக் குழுக்களின் முக்கிய இருப்பிடமாக விளங்கியதை அங்குள்ள கல்வெட்டுகள் தெரிவிக்கின்றன. மேலமலை, கோட்டைமலை, கடம்பர்மலை, ஆளுருட்டிமலை முதலான ஒன்பது குன்றுகளின் தொகுதியே நார்த்தாமலை. கடற்கரைத் துறைகளுக்கும் உள்நாட்டுச் சந்தைகளுக்கும் இடையே சென்ற பொதிகளுக்கு இத்தகைய குன்றுகள் தொலைவிலிருந்தே தெரியும் திசைக்குறிகளாகவும், அவற்றின் சுனைகள் தங்குமிடங்களாகவும் பயன்பட்டிருத்தல் கூடும்.

கோட்டையும் காட்டரணும்

திருமயம் கோட்டையை இராமநாதபுரம் கிழவன் சேதுபதி 1687இல் கட்டினார் என்று புதுக்கோட்டைச் சமஸ்தான வரலாற்று நூல்கள் குறிக்கின்றன. கடற்கரையை ஒட்டித் தலைநகர் கொண்ட ஒரு மறவர் அரசு, தன் வடக்கு எல்லையைக் காக்க உள்நாட்டுப் பாறைக்குன்று ஒன்றைத் தேர்ந்தது. ஏழு சுற்று மதில்கள் இருந்தன என்பது மரபு; இன்று நான்கு எஞ்சியுள்ளன. அகழியும், குன்றின் உச்சியில் பீரங்கி மேடையும் உள்ளன. ஏறும் வழியில் மேற்குச் சரிவில் பாறையைக் குடைந்த சிறு சிவன் கருவறை ஒன்றும் காணப்படுகிறது. கோட்டையின் வடபுற மதிலை ஒட்டிய பைரவர் கோயிலில் நெடுஞ்சாலைப் பயணிகள் இன்றும் வண்டியை நிறுத்தி வழிபட்டுச் செல்கின்றனர். வழித்துணைத் தெய்வம் என்னும் பழைய கருத்து புதிய சாலையிலும் தொடர்வதை இது காட்டுகிறது.

பின்னர்ச் சேது நாட்டு வாரிசுப் போட்டியின்போது திருமயம் புதுக்கோட்டைத் தொண்டைமானின் கைக்கு வந்தது. 1733ஆம் ஆண்டளவில் தஞ்சைப் படை தொண்டைமான் நாட்டின் பெரும்பகுதியைக் கைப்பற்றியபோது, அவருக்கு எஞ்சிய அரணாகத் திருமயமே விளங்கியது. முற்றுகையைத் தாங்கும் ஆற்றலை இக்கோட்டைக்கு அளித்தவற்றுள் மதிலும் அகழியும் முதன்மையானவை. அவற்றோடு, பாறையின் மேல் தேங்கிய நீரையும் வெளியே படர்ந்திருந்த முட்காட்டையும் சேர்த்தே எண்ண வேண்டும். மலையரண், காட்டரண், நீரரண், மதிலரண் எனத் தமிழ் மரபு வகுக்கும் நால்வகை அரண்களும் ஓரிடத்தில் கூடிய தலம் இது.

ஆனால் காட்டரண் தானாகவே எவரையும் காப்பதில்லை என்பதை 1799ஆம் ஆண்டு நிகழ்வு உணர்த்துகிறது. பாஞ்சாலங்குறிச்சியின் வீழ்ச்சிக்குப் பின் வடக்கு நோக்கி வந்த வீரபாண்டிய கட்டபொம்மன், திருக்களம்பூர்ப் பகுதிக் காட்டில் தொண்டைமானின் ஆட்களால் பிடிக்கப்பட்டு ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்டார். அவ்வாண்டு அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். அவர் தம்பி ஊமைத்துரையின் பெயரால் திருமயம் கோட்டை ஊமையன் கோட்டை என்றும் மக்கள் வழக்கில் அழைக்கப்படுகிறது. காட்டின் வழிகளை அறிந்தவர் எப்பக்கம் நின்றனர் என்பதே இங்கு முடிவைத் தீர்மானித்தது.

இதற்கு நேர்மாறான நிகழ்வு, திருமயத்துக்குத் தெற்கேயுள்ள சிவகங்கைச் சீமையில் 1801இல் நடந்தது. சிறுவயலிலிருந்து காளையார்கோயிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை அமைக்க முயன்ற கர்னல் அக்னியூவின் படை, ஏறத்தாழ ஒரு மாத காலம் உழைத்தும் தோல்வியுற்று அம்முயற்சியைக் கைவிட்டது. அப்படையில் பணியாற்றிய ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் வெளியிட்ட தம் நினைவுக் குறிப்புகளில் இதனை விரிவாக எழுதியுள்ளார். வேறு வழிகளில் முன்னேறியே அக்டோபர் தொடக்கத்தில் ஆங்கிலேயர் காளையார்கோயிலைக் கைப்பற்றினர். தொலைநோக்கியில் சாதாரணப் புதராகத் தெரிந்த நிலம், நடக்கத் தொடங்கியதும் பெரும் தடையாக மாறியது. உள்ளூர் மக்களுக்கு அதே காட்டில் ஒற்றையடிப் பாதைகள் இருந்தன. வெளியாருக்கு அவை தெரியவில்லை. பாளையக்காரர் காடு என்று ஆங்கிலேயர் அச்சத்தோடு குறித்தது, உண்மையில் உள்ளூர் நில அறிவின் மற்றொரு பெயரே.

காட்டின் மாற்றம்

புதுக்கோட்டை 1948 மார்ச் 3 வரை தனிச் சமஸ்தானமாக நீடித்தது. அக்காலத்தில் காடுகளின் ஒரு பகுதி அரசின் ஒதுக்குக் காடாகவும் வேட்டைக் காடாகவும் காக்கப்பட்டது. அரச வேட்டைக்காக மக்களின் பயன்பாடு கட்டுப்படுத்தப்பட்டது என்பதையும் மறத்தலாகாது. எனினும் இயல்பான புதர்க்காடு அதனால் பெருமளவு எஞ்சியது. ஐயனார், காளி முதலிய தெய்வங்களுக்குரிய கோயில் காடுகளை ஊர்க் கட்டுப்பாடு காத்தது. அங்கு மரம் வெட்டுதல் விலக்கப்பட்டிருந்தது. புதுக்கோட்டையின் பழைய காட்டில் எவ்வகை மரங்கள் இருந்தன என்பதை இன்று அறிய இக்கோயில் காடுகளே சிறந்த சான்றாக நிற்கின்றன.

இணைப்பிற்குப் பின் நிலைமை மாறியது. 1974இல் புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. அதே ஆண்டில் தமிழ்நாடு வனத்தோட்டக் கழகமும் தொடங்கப்பட்டது. கழகத்தின் தைலமரத் தோட்டங்கள் மாவட்டத்தின் காட்டு நிலங்களில் பரவலாக இடம்பெற்றன. மக்கள் வழக்கில் ஆர்.எஸ்.பதி மரம் எனப்படும் இம்மரம் காகிதக் கூழுக்காக வளர்க்கப்படுகிறது. புதர்கள் அகற்றப்பட்டு ஒரே மரம் வரிசையாக நடப்படும்போது, பல்லுயிர் குறைவதோடு கண்மாய்க்கு நீர் வரும் போக்கும் தடைப்படுகிறது என்று உழவர்கள் நெடுங்காலமாக முறையிட்டு வருகின்றனர். தோட்டத்தில் மழைநீரைத் தேக்க வெட்டப்படும் வரப்புகள் வரத்துவாரிகளை மறிப்பது இம்முறையீட்டின் மையம். மற்றொரு பக்கம் கருங்கல் குவாரிகள் குன்றுகளையே குறைத்து வருகின்றன. தோட்டம் மீண்டும் காடாக மாறும் வாய்ப்பேனும் உண்டு. உடைக்கப்பட்ட பாறைக்கு மீட்பு இல்லை.

சட்டத்தின் எல்லை

திருமயம் கோட்டையும் குடைவரைகளும் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2010இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. ஆக, சின்னத்தைச் சுற்றி 300 மீட்டர் வரை சட்டத்தின் கண் செல்கிறது. குன்றுகளுக்கு இடையிலோ பல கிலோமீட்டர் நிலம் உள்ளது. சுனை, குமிழிக்கல், எல்லைக்கல், ஒற்றையடிப் பாதை, கோயில் காடு ஆகியவற்றுள் பல இச்சுற்றுக்கு வெளியே நிற்கின்றன. இவ்வாறு புள்ளிகள் காக்கப்படுகின்றன. அவற்றை இணைத்த கோடுகள் அழிகின்றன.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களின் 193.215 எக்டேர் பரப்பு, 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டத்தின் கீழ் 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. குன்றுகள், சுனைகள், ஏரிகள், தமிழி கல்வெட்டு, சமணப் படுக்கை, குடைவரை, பறவைகள் ஆகியவற்றை ஒரே நிலப்பரப்பாகக் கருதிய அறிவிப்பு அது. அப்பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலம் மக்கள் எதிர்ப்புக்குப் பின் 2025 சனவரியில் இரத்தானபோது, இவ்வறிவிப்பு வலுவான வாதமாக முன்வைக்கப்பட்டது. திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியிலுள்ள வீரகோயில் காடு, சுமார் 5 எக்டேர் பரப்பே உடையதாயினும், 2025இல் அதே தகுதியைப் பெற்றது. பாறையும் நீரும் காடும் கல்வெட்டும் கூடிய நிலம் என்ற அளவில் திருமயம் வட்டாரம் இவற்றுக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, திருமயம் வட்டாரத்தின் பாறையும் முட்காடும் சின்னங்களின் பின்புலம் அல்ல. கோயில், கோட்டை, வணிகம், போர் ஆகியவற்றின் இருப்பிடத்தையும் போக்கையும் நிர்ணயித்த காரணிகள். இரண்டாவது, இந்நிலத்தைப் பற்றிய அறிவு நடந்து பெறப்பட்டு, நடந்து உறுதி செய்யப்பட்டு, நடப்பவருக்குச் சொல்லித் தரப்பட்டது. காடுகாண் காதையின் வழிக்குறிப்பும் பிடி சூழ்தலும் இதற்குச் சான்று. மூன்றாவது, சின்னத்தைச் சுற்றி மட்டும் வட்டமிடும் பாதுகாப்பு, இவ்வறிவின் பெரும்பகுதியைக் கைவிடுகிறது.

ஆகவே இவ்வட்டாரத்தில் இனி நிகழும் கள ஆய்வுகள் சின்னத்திலிருந்து சின்னத்துக்கு வாகனத்தில் செல்வதோடு அமையாமல், இடைப்பட்ட நிலத்தை நடந்து ஆவணப்படுத்த வேண்டும். சுனைகளின் பெயர்கள், வரத்துவாரிகள், குமிழிகள், கோயில் காட்டு மரங்கள், ஆடு மேய்ப்போர் இன்றும் பயன்படுத்தும் ஒற்றையடிப் பாதைகள் ஆகியன ஊர்வாரியாகத் தொகுக்கப்பட வேண்டும். இவ்வறிவை உடையோர் பெரும்பாலும் முதியோர். கல்வெட்டைப் பின்னரும் படியெடுக்கலாம். ஒரு சுனையின் பெயரையும் அதற்குச் செல்லும் வழியையும் அறிந்தவர் மறைந்தபின் அவற்றை எந்தப் பாறையிலும் தேட முடியாது.